எதனைத் தாங்கும் உலோகம்? நிக்கற் கலப்புலோகங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

வெப்பத்தையும் அரிப்பையும் தாங்கவல்ல உலோகங்கள் எனப் பொறியியல் நூல்கள் ஒரு தொகுதியை வகுத்துக் கூறுகின்றன. அத்தொகுதியில் நிக்கலை அடியாகக் கொண்ட கலப்புலோகங்கள் முதலிடம் பெறுகின்றன. ஆகாய விமானத்தின் தாரை எஞ்சினிலும், அணுவுலையின் நீராவிக் குழாய்களிலும், அமிலத் தொழிற்சாலையின் கலங்களிலும், வீட்டிலுள்ள மின்னடுப்பின் சூடேறும் கம்பியிலும் இவை பயன்படுகின்றன. கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் இவை வளர்ந்துவந்த வரலாற்றைத் தொடர்புபட நோக்குவதும், அவ்வரலாறு உணர்த்தும் ஓர் உண்மையை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாங்குதல் என்பது செயப்படுபொருள் குன்றா வினை. 'இவ்வுலோகம் தாங்கும்' என்று மட்டும் கூறினால் வாக்கியம் நிறைவு பெறுவதில்லை. 'எதனை' என்ற வினா எஞ்சி நிற்கும். இலக்கண மாணவர் எவரும் அறிந்த இவ்வுண்மையை உலோகவியல் அறிஞர் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. கடல்நீரைத் தாங்கிய உலோகம் அயலிலிருந்த இரும்பினால் பயனற்றுப் போனதுண்டு. கொடிய அமிலத்தைத் தாங்கிய உலோகம் அவ்வமிலத்திற் கலந்த சிறிது அழுக்கினால் அழிந்ததுண்டு. உப்பைத் தாங்குமெனத் தெரிந்தெடுக்கப்பட்ட உலோகம் தூய நீரில் வெடித்ததுமுண்டு. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

பெயரும் பிறப்பும்

சாக்சனி நாட்டு மலைச் சுரங்கங்களில் உழைத்தோர் செந்நிறத் தாது ஒன்றைக் கண்டு, அதனைச் செப்புத் தாதுவென எண்ணி உருக்கினர். செப்புக் கிடைக்கவில்லை, தாதுவிலிருந்த ஆசனிக்கின் நச்சுப்புகையே எழுந்தது. குறும்பு செய்யும் பேய் ஒன்று செப்பை ஒளித்துவிட்டதென நம்பிய அவர்கள், அத்தாதுவுக்குச் செப்புப்பேய் எனப் பொருள்படும் 'குப்பர்நிக்கல்' என்ற பெயரை இட்டனர். 1751ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் அக்செல் பிரெடிரிக் குரொன்ஸ்டெட், லோஸ் என்னும் இடத்துக் கோபாற்றுச் சுரங்கத்திற் பெற்ற தாது ஒன்றை ஆராய்ந்து, அதிலிருந்து புதியதோர் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். 1754இல் அவர் அதற்கு இட்ட நிக்கல் என்ற பெயர் அப்பேயின் பெயரேயாகும்.

நூறாண்டுகளுக்கு மேலாக நிக்கல் அரிய பொருளாகவே இருந்தது. 1860களில் நியூ கலிடோனியாத் தீவில் அதன் தாது கண்டறியப்பட்டது. 1883இல் கனடாவின் குறுக்கே புகையிரதப் பாதை அமைக்கப்பட்டபோது ஒன்ராறியோ மாகாணத்தின் சட்பெரிப் பகுதியில் செப்பும் நிக்கலும் கலந்த பெரும் படிவு வெளிப்பட்டது. இவ்விரண்டின் பின்னரே நிக்கல் தொழிலுக்குப் போதிய அளவில் கிடைக்கலாயிற்று.

நிக்கலைத் தூய்மையாக்கும் முறை ஒன்று, அரிப்புப் பற்றிய ஒரு புதிரிலிருந்து பிறந்தமை குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தில் இரசாயனத் தொழில் நடத்திய லுட்விக் மொண்ட் தமது ஆலையில் நிக்கலாற் செய்த வாயில்களைப் பொருத்தியிருந்தார். அவை விரைவிற் பழுதுற்றுக் கசிந்தன. காரணத்தைத் தேடிய மொண்டும் உதவியாளரும், வாயுவிற் சிறிதளவாகக் கலந்திருந்த காபனோரொட்சைட்டு நிக்கலுடன் சேர்ந்து ஆவியாகும் சேர்வை ஒன்றை ஆக்குவதைக் கண்டனர். 1890இல் வெளியிடப்பட்ட இக்கண்டுபிடிப்பின்படி, சுமார் 50 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நிக்கல் இவ்வாறு ஆவிநிலை அடையும். அவ்வாவியை 200 பாகை அளவுக்குச் சூடாக்கினால் தூய நிக்கல் படியும். 1902இல் வேல்சின் கிளைடாக் என்னுமிடத்தில் இம்முறையிலமைந்த ஆலை இயங்கத் தொடங்கியது. ஓர் உலோகத்தை இன்னது அழிக்கின்றது எனத் துல்லியமாக அறிந்துகொண்டமை பெருந்தொழில் ஒன்றுக்கு அடிப்படையாயிற்று.

நிக்கல் அடியுலோகமாகக் கொள்ளப்படுவதற்கான காரணங்களை இவ்விடத்துச் சுருக்கமாகக் கூறுதல் பொருத்தமாகும். இதன் உருகுநிலை 1455 பாகை. இரும்பு சூடேறுகையில் 912 பாகையில் தன் அணுக்களின் ஒழுங்கை மாற்றிக்கொள்கின்றது. நிக்கல் உருகும்வரை ஒரே ஒழுங்கிலேயே இருக்கின்றது. மேலும், பிற உலோகங்களைத் தன்னுட் கரைத்துக்கொள்ளும் ஆற்றல் நிக்கலுக்கு மிகுதியாக உண்டு. செப்பு எவ்வளவு சேர்ந்தாலும் அதனைத் திண்மக் கரைசலாக ஏற்கும். குரோமியம், மொலிப்தனம், தங்குதன் ஆகியவற்றையும் பெருமளவில் ஏற்கும். ஆகவே, பகை எதுவோ அதற்கேற்ற துணையைச் சேர்த்துக்கொள்ள இவ்வுலோகம் இடந்தருகின்றது. இனி வரும் வரலாறு, பெரும்பாலும் அத்துணைகளைத் தேர்ந்த வரலாறே.

கடல்நீரும் மொனெலும்

சட்பெரித் தாதுவிலுள்ள செப்பையும் நிக்கலையும் பிரிப்பது செலவு மிக்க வேலை. 1905ஆம் ஆண்டளவில் இன்டர்நாஷனல் நிக்கல் நிறுவனத்தார் அவற்றைப் பிரிக்காமலேயே உருக்கிப் பார்த்தனர். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நிக்கலும் ஏனையது பெரும்பாலும் செப்புமாக அமைந்த அக்கலப்புலோகம் உறுதியும் ஒளியும் கொண்டிருந்தது. நிறுவனத் தலைவர் அம்புரோஸ் மொனெல் பெயரால் அது மொனெல் உலோகம் எனப்பட்டது. ஓடும் கடல்நீரில் அது உருக்கைவிடப் பன்மடங்கு நிலைத்து நின்றது. கப்பலின் சுழல்தண்டு, நீரேற்றும் பம்பி, உப்பளக் கருவி, சாயத் தொழிற் கலம் எனப் பல இடங்களிலும் அது பயன்பட்டது.

அதன் புகழை நம்பி, 1915இல் அமெரிக்காவில் 'சீ கோல்' என்ற உல்லாசப் படகு ஒன்று கட்டப்பட்டது. அதன் உடற்றகடுகள் மொனெலாலானவை. சட்டகத்தின் பகுதிகள் உருக்காலானவை. கடல்நீர் ஒரு மின்பகுபொருள். அதனுள் வெவ்வேறு இயல்புள்ள இரு உலோகங்கள் தொடுகையுற்றிருந்தால் மின்கலம் ஒன்று தோன்றும். எளிதில் அயனாகும் உலோகம் கரைந்துகொண்டே செல்லும். மொனெலுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. ஆனால் பரந்த மொனெற் பரப்புக்கு எதிரே சிறு பரப்பாய் அமைந்த உருக்கு உறுப்புகள் விரைந்து அரிக்கப்பட்டன. சில கிழமைகளுள் படகு பயனற்றதெனக் கழிக்கப்பட்டது. மொனெல் கடல்நீரைத் தாங்கும் என்ற கூற்று பொய்யன்று. ஆயினும், தன்னைத் தாங்கிக்கொள்ளும் உலோகம் அயலாரை அழிக்கவும் கூடும் என்பதை அப்படகின் கதை காட்டிற்று.

சூடேறும் கம்பி

அதே காலத்தில் சிக்காக்கோ நகரில் அல்பேட் மார்ஷ் என்பவர் வேறொரு சிக்கலை ஆராய்ந்துகொண்டிருந்தார். மின்னோட்டத்தினால் வெப்பம் பெறுவதற்கு ஏற்ற கம்பி அக்காலத்தில் இருக்கவில்லை. இரும்புக்கம்பி செந்நிறமாகச் சூடேறியதும் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். பிளாற்றினம் நிலைக்கும், ஆனால் விலை மிகுந்தது. மார்ஷ் நிக்கலோடு குரோமியத்தைச் சேர்த்து, 1906இல் ஆக்கவுரிமைப் பத்திரம் பெற்றார். எண்பது பங்கு நிக்கலும் இருபது பங்கு குரோமியமும் கொண்ட 'நைக்குரோம்' இவ்வாறு தோன்றியது.

இக்கம்பியும் ஒட்சிசனோடு சேரவே செய்கின்றது. முதலிற் சூடேறும்போது அதன் மேற்பரப்பிலுள்ள குரோமியம் ஒட்சைட்டாக மாறி, மெல்லிய தோலாகக் கம்பியை மூடிக்கொள்ளும். இரும்பின் துருவைப் போல் அது பொருக்காக உதிர்வதில்லை. உலோகத்தை இறுகப் பற்றி, அப்பால் ஒட்சிசன் செல்லாதவாறு தடுக்கின்றது. கீறல் ஏற்பட்டால் அவ்விடத்திற் புதிய தோல் உண்டாகும். ஆகவே, அரிப்பைத் தாங்குதல் என நாம் கூறுவது உண்மையில் அளவோடு அரிபட்டு நிற்கும் ஓர் ஆற்றலாகும். மின்னடுப்பு, மின்னழுத்தி, பாண் வாட்டும் கருவி ஆகியன இல்லங்களிற் பரவுவதற்கு இக்கம்பி வழிவகுத்தது. எவரும் எண்ணியிராத வகையில் தாரை எஞ்சினுக்கும் இதுவே மூதாதையாயிற்று.

அமிலமும் அதன் அழுக்கும்

ஐதரோகுளோரிக்கமிலம் கொதிநிலையில் உலோகங்களுக்குப் பெரும் பகையாகும். குரோமியத்தின் ஒட்சைட்டுத் தோலை அது கலைத்துவிடும். 'கறையில் உருக்கு' எனப்படும் துருப்பிடியா உருக்கும் அதனுட் கரைந்துபோகும். அமெரிக்காவின் கொக்கொமோ நகரில் எல்வுட் ஹேய்ன்ஸ் நிறுவிய உலோக ஆலை, 1920இல் யூனியன் காபைட் நிறுவனத்தின் உடைமையாகிய பின்னர் இச்சிக்கலில் ஈடுபட்டது. நிக்கலோடு குரோமியத்துக்குப் பதிலாக மொலிப்தனத்தைச் சேர்த்தபோது, தோல் இல்லாமலேயே அவ்வமிலத்தைத் தாங்கும் உலோகம் கிடைத்தது. சுமார் 28 சதவீதம் மொலிப்தனம் கொண்ட அது 'ஹாஸ்ரலோய் பி' எனப் பெயர் பெற்றது.

ஆனால் ஆலைகளில் ஓடும் அமிலம் ஆய்வுகூடத்து அமிலத்தைப் போன்றதன்று. இரும்புக் குழாய்களினூடாக வரும் அமிலத்திற் சிறிதளவு பெரிக்கு அயன்கள் கலந்திருக்கும், காற்றும் கரைந்திருக்கும். இவை ஒட்சியேற்றும் இயல்புடையன. அத்தகைய சூழலில் 'ஹாஸ்ரலோய் பி' விரைந்து அரிபடும். ஏனெனில் ஒட்சியேற்றும் பகைக்கு எதிரான குரோமியத் தோல் அதற்கு இல்லை. தூய அமிலத்தை வென்ற உலோகம் அழுக்கான அமிலத்திடம் தோற்றது.

இதற்கு விடையாக 1930களின் தொடக்கத்தில் 'ஹாஸ்ரலோய் சி' உருவாயிற்று. குரோமியமும் மொலிப்தனமும் ஏறத்தாழச் சம அளவாக, ஒவ்வொன்றும் 16 சதவீதமளவிற் சேர்ந்த அக்கலப்புலோகம் இருவகைப் பகைக்கும் ஓரளவு ஈடுகொடுத்தது. ஆயினும் அதனை ஒட்டவைத்துக் கலம் செய்தபோது வேறொரு குறை வெளிப்பட்டது. ஒட்டின் வெப்பம் பட்ட ஓரங்களிற் காபனும் சிலிக்கனும் சேர்ந்த வீழ்படிவுகள் உலோகத்தின் பளிங்குமணிகளுக்கு இடையே தோன்றி, அங்கிருந்த குரோமியத்தையும் மொலிப்தனத்தையும் தம்பால் ஈர்த்துக்கொண்டன. கலத்தின் உடல் நலமாயிருக்க, ஒட்டின் ஓரம் மட்டும் அரிபட்டது. 1960களில் காபனையும் சிலிக்கனையும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி உருக்கும் முறைகள் கைவந்தபோதே 'சி-276' என்ற வடிவில் இக்குறை நீங்கியது. நிலக்கரி மின்னிலையங்களின் புகையிலிருந்து கந்தகவீரொட்சைட்டைக் கழுவி அகற்றும் கோபுரங்களில் அது இன்றும் பயன்படுகின்றது.

போரும் சுழலியும்

வாயுச்சுழலியின் தத்துவம் எளியது. காற்றை அமுக்கி, எரிபொருளை எரித்து, விரியும் வாயுவினால் ஒரு சில்லைச் சுழற்றுவதே அது. சில்லின் விளிம்பில் வரிசையாகப் பொருத்தப்பட்ட சிறகு போன்ற அலகுகள் மீது வெந்த வாயு மோதும். வாயுவின் வெப்பம் கூடக்கூட எஞ்சினின் பயன் கூடும். பிரித்தானிய விமானப்படை அதிகாரி பிராங் விற்றில் 1930இல் தாரை எஞ்சினுக்கு ஆக்கவுரிமை கோரியபோது, இத்தத்துவம் விளங்காதிருந்ததன்று. அவ்வலகுகளுக்கேற்ற உலோகம் இல்லாதிருந்ததே பெருந்தடையாயிற்று.

அவ்வலகு இருவகைத் துன்பத்துக்கு உள்ளாகின்றது. ஒன்று வெப்பம்; மற்றையது சுழற்சியினால் தோன்றும் வெளிநோக்கிய இழுப்பு. குளிர்ந்த நிலையில் ஒரு சுமையைத் தாங்கும் உலோகம், செந்நிறமாகச் சூடேறிய நிலையிலும் அச்சுமையைச் சிலகாலம் தாங்கக்கூடும். எனினும் மணிக்கு மணி மயிரிழையளவாக நீண்டுகொண்டே சென்று இறுதியில் அறுந்துபோகும். இதனை ஊர்வு என்பர். ஆகவே 'இவ்வுலோகம் எவ்வளவு சுமையைத் தாங்கும்' என்று வினாவுதல் இங்குப் போதாது; 'எவ்வளவு வெப்பத்தில், எத்தனை மணிநேரம்' என்றும் வினாவவேண்டும்.

1937 ஏப்பிரலில் விற்றிலின் எஞ்சின் தரையில் முதன்முதல் இயங்கியது. 1941 மே 15ஆம் நாள் அவரது எஞ்சினைக் கொண்ட குளொஸ்ரர் விமானம் பறந்தது. அதன் அலகுகள் விசேட உருக்காலானவை. நீண்டகாலப் பயனுக்கு அவை போதவில்லை. இதற்கிடையில் மொண்ட் நிக்கல் நிறுவனத்தைச் சார்ந்த பேர்மிங்காம் ஆய்வாளர், மார்ஷின் சூடேறும் கம்பியை அடிப்படையாகக் கொண்டு ஆய்வைத் தொடங்கினர். எண்பதுக்கு இருபது என்ற அக்கலப்பு, காற்றில் வெந்துபோகாது என்பது ஏலவே தெரிந்தது; ஊர்வை எதிர்க்கும் ஆற்றலே அதற்கு வேண்டியிருந்தது. சிறிதளவு தைத்தேனியமும் அலுமினியமும் சேர்த்துத் தக்கவாறு வெப்பமூட்டியபோது அவ்வாற்றல் பன்மடங்காயிற்று. 'நிமோனிக் 75', 'நிமோனிக் 80', 1944இல் 'நிமோனிக் 80ஏ' என அடுத்தடுத்து வந்தவை இவ்வழியிற் பிறந்தவையே. போர்க்காலத்திலேயே பிரித்தானியத் தாரை எஞ்சின்களின் அலகுகளுக்கு நிமோனிக் பயன்படலாயிற்று.

ஜேர்மனியின் நிலை வேறுபட்டது. தாரை விமானத்தை 1939 ஓகத்து 27இல் முதன்முதல் பறக்கவிட்ட நாடு அதுவே. ஆனால் நிக்கல் அங்கு அரிதாயிற்று. பின்லாந்தின் பெற்சாமோச் சுரங்கம் அதன் முக்கிய ஊற்றுகளில் ஒன்றாக இருந்தது. 1944 ஒற்றோபரில் சோவியத் படைகள் அதனைக் கைப்பற்றின. மெசர்சிமிற் 262 விமானத்தின் யூமோ 004 எஞ்சினை ஆக்கியோர் நிக்கலைச் சிக்கனப்படுத்தவேண்டியவராயினர். நிக்கலுக்குப் பதிலாக மங்கனீசு சேர்ந்த உருக்கினாலும் அலகுகள் செய்யப்பட்டன. அலகை உட்குடைவாக்கி அதனுட் குளிர்காற்றைச் செலுத்தினர். எரியறையைச் சாதாரண உருக்காற் செய்து அலுமினியம் பூசினர். பொறியியல் நோக்கில் இவை நுண்ணிய தீர்வுகளே. எனினும் எஞ்சினின் ஆயுள் பத்து முதல் இருபத்தைந்து மணிநேரத்துக்குள் அடங்கியது. புதிய விமானத்தை ஓட்டிச் சென்ற வீரர், எதிரியை அஞ்சியது போலவே தம் எஞ்சினையும் அஞ்சவேண்டியவராயினர். உட்குடைவான அலகு என்ற அக்கருத்து மட்டும் பிற்காலத்தில் உலகெங்கும் ஏற்கப்பட்டது.

வலிமையின் இருப்பிடம்

சிறிதளவு அலுமினியமும் தைத்தேனியமும் இத்துணைப் பெரிய மாற்றத்தை விளைவித்தது எவ்வாறு? மான்செஸ்ரரில் பிராட்லியும் ரெய்லரும் 1937இல் ஊடுகதிரின் துணைகொண்டு நிக்கல் அலுமினியக் கலப்பின் உள்ளமைப்பை ஆராய்ந்திருந்தனர். மூன்று நிக்கல் அணுவுக்கு ஓர் அலுமினிய அணு என்ற விகிதத்தில், ஒவ்வோர் அணுவும் தனக்குரிய இடத்திலமையும் ஒழுங்கான பளிங்கு ஒன்று உண்டென அவர்கள் காட்டினர். நிமோனிக்கில் தோன்றும் நுண்ணிய வீழ்படிவுகள் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி அவற்றைக் கண்முன் கொணர்ந்தது.

ஓர் உலோகம் வளைவதும் நீள்வதும் அதன் அணுவரிசைகளிலுள்ள பிறழ்வுகள் வழுக்கிச் செல்வதனாலாகும். வழுக்கிவரும் பிறழ்வு, ஒழுங்கமைந்த வீழ்படிவினுட் புகுந்தால் அங்குள்ள ஒழுங்கைக் குலைக்கவேண்டும். அதற்கு மிகுந்த சக்தி தேவை. ஆகவே அது தடைப்பட்டு நிற்கும். இங்கு வியப்புக்குரிய இயல்பொன்று உண்டு. பொதுவாக உலோகங்கள் சூடேறச் சூடேற மெலிவடையும். இவ்வீழ்படிவின் பொருளோ ஏறத்தாழ 700 அல்லது 800 பாகைவரை சூடேறச் சூடேற வலிமை பெறும். அங்குச் செல்லும் பிறழ்வுகளைப் பூட்டிவைக்கும் இடமாற்றங்களை வெப்பமே தூண்டுவது இதற்குக் காரணமாகும். இன்றைய அலகுகளில் உலோகத்தின் கன அளவில் மூன்றில் இரு பங்களவும் இவ்வீழ்படிவாகவே அமைகின்றது.

அடுத்து எதிர்ப்பட்ட பகை உலோகத்தின் உள்ளேயே இருந்தது. சாதாரண உலோகம் எண்ணற்ற பளிங்குமணிகளின் சேர்க்கை. உயர் வெப்பத்தில் அம்மணிகளின் எல்லைகளே முதலில் நெகிழ்ந்து பிளவுபடும். 1960களில் அமெரிக்காவில் பிரான்சிஸ் வேர்சினைடரும் அவருடன் உழைத்தோரும், வார்ப்பினை ஒரு முனையிலிருந்து மெல்லக் குளிரவைத்து, மணிகள் யாவும் அலகின் நீளத்தோடு ஒத்துச் செல்லுமாறு செய்தனர். இழுப்புக்குக் குறுக்கே நிற்கும் எல்லைகள் இவ்வாறு அகன்றன. பின்னர் எல்லையே இல்லாத தனிப்பளிங்கு அலகும் வார்க்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் அது பயணிகள் விமானங்களிற் பயன்படத் தொடங்கியது. அவ்வார்ப்புக்கு அடிப்படை மெழுகு வார்ப்பு முறையே. சோழர்காலச் செப்புத் திருமேனிகளை ஆக்கிய அதே தத்துவம், மெழுகின் வடிவைச் சுற்றி வெப்பம் தாங்கும் பீங்கான் கூடு அமைத்து, மெழுகை உருக்கி அகற்றி, வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் நிலைக்கு வளர்ந்துள்ளது.

இன்று எஞ்சினுள் அலகுமீது மோதும் வாயுவின் வெப்பநிலை 1500 பாகையையும் கடக்கின்றது. அஃதாவது, அலகின் உலோகம் உருகும் வெப்பத்திலும் கூடியது. உட்குடைவுகளிற் செல்லும் காற்றும், மேற்பரப்பிற் பூசப்பட்ட சேர்க்கோனியா என்ற பீங்கானும் காப்பதனாலேயே அலகு நிலைக்கின்றது. உலோகம் மட்டும் தனித்து நின்று தாங்குவதில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

உப்பும் சாம்பலும்

வலிமை பெறுவதற்காக அலுமினியத்தைக் கூட்டியபோது குரோமியத்தைக் குறைக்க நேர்ந்தது. உயர்வானிற் பறக்கும் விமானங்களில் இதனால் பெருங்கேடு விளையவில்லை. அதே வகைச் சுழலிகளைக் கடற்கரை மின்னிலையங்களிலும் கப்பல்களிலும் பொருத்தியபோது நிலைமை மாறிற்று. கடற்காற்றிலுள்ள உப்பும் எரிபொருளிலுள்ள கந்தகமும் கூடிச் சோடியம் சல்பேற்று உண்டாகின்றது. சுமார் 884 பாகையில் அது உருகும். உருகிய உப்பு அலகின் ஒட்சைட்டுத் தோலைக் கரைத்துவிட, கந்தகம் உள்ளே புகும். நிக்கலும் அதன் சல்பைட்டும் சேர்ந்த கலவையோ 640 பாகை அளவிலேயே உருகும். கீழ்த்தரமான எண்ணெயிலுள்ள வனேடியத்தின் சாம்பலும் இத்தகையதே. இவ்வாறு, ஆயிரம் பாகையைத் தாங்கவல்ல அலகு, அதனிலும் குறைந்த வெப்பத்திற் கடலுப்பினாற் பொருக்குவிட்டு அழிந்தது. தரையிலும் கடலிலும் இயங்கும் சுழலிகளுக்கென 16 சதவீதமளவு குரோமியம் கொண்ட 'ஐஎன்-738' போன்ற உலோகங்களும், தனித்த மேற்பூச்சுகளும் பின்னர் ஆக்கப்பட்டன.

தூய நீர்

இவ்வரலாற்றில் மிக ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய பகுதி இதுவாகும். 1930களின் தொடக்கத்திற் பாலைச் சூடாக்கும் கலங்களுக்கென ஒரு கலப்புலோகம் உருவாக்கப்பட்டது. சுமார் 76 சதவீதம் நிக்கல், 15 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் இரும்பு கொண்ட அது 'இன்கொனெல்' எனப்பட்டது; பின்னர் 600 என்ற எண் அதற்கு இடப்பட்டது. அணுமின்னிலையங்கள் அமைக்கப்பட்ட காலத்தில், நீராவியாக்கும் குழாய்களுக்கு எதனைத் தெரிவது என்ற வினா எழுந்தது. துருப்பிடியா உருக்கு, இழுப்புச் சுமையும் குளோரைட்டும் ஒருங்கே சேர்ந்தவிடத்து வெடிக்கும் இயல்பினது. நிக்கல் மிகுந்த 'இன்கொனெல் 600' குளோரைட்டினால் அவ்வாறு வெடிப்பதில்லை. ஆகவே அதுவே தெரிவாயிற்று.

1959இல் பிரான்சின் ஹென்றி கொரியுவும் உடன் ஆய்வாளரும் ஒரு முடிபை வெளியிட்டனர். 350 பாகை வெப்பமுள்ள தூய நீரிலேயே, இழுப்புக்குள்ளான 'இன்கொனெல் 600' வெடிக்கின்றது என்பதே அது. அம்முடிபு உடனடியாக ஏற்கப்படவில்லை. நீரில் அழுக்குக் கலந்திருக்கலாமென ஐயுற்றோர் இருந்தனர். குளோரைட்டை வென்ற உலோகம் தூய நீரில் தோற்கும் என்பதை நம்புதல் எளிதன்று. ஆனால் 1970கள் முதற்கொண்டு மின்னிலையங்களின் குழாய்கள் வெடிக்கலாயின. ஆய்வுகூடத்திற் கண்டது உலைகளிலும் உண்மையாயிற்று. பல நிலையங்கள் நீராவியாக்கிகளை முழுமையாகவே மாற்றவேண்டியவாயின. 1991இல் பிரான்சின் பியூசே அணுவுலை ஒன்றின் மூடியிலுள்ள குழாயிற் கசிவு காணப்பட்டது.

2002 மார்ச்சில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டேவிஸ்-பெசி அணுவுலையிற் கண்டறியப்பட்டது இவையனைத்திலும் பாரதூரமானது. மூடியினூடாகச் செல்லும் இக்கலப்புலோகக் குழாய் ஒன்றின் வெடிப்பிலிருந்து உலை நீர் நெடுங்காலம் கசிந்திருந்தது. அந்நீரிலிருந்த போரிக்கமிலம் செறிந்து, 15 சென்றிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்புள்ள உருக்கு மூடியைக் குடைந்துவிட்டது. உட்புறத்தே பூசப்பட்ட, ஒரு சென்றிமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள துருப்பிடியா உருக்கின் தோல் ஒன்றே எஞ்சியிருந்தது. நூற்றைம்பது வளிமண்டலமளவான அழுத்தத்தை அத்தோல் மட்டுமே தடுத்து நின்றது. பெருவிபத்து நேராதொழிந்தமை நற்பேறே. குரோமியத்தைச் சுமார் 30 சதவீதமாக உயர்த்திய 'இன்கொனெல் 690' இன்று அதன் இடத்தைப் பெற்றுள்ளது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு புலனாகின்றது. மொனெல் கடல்நீரையும், நைக்குரோம் சூடான காற்றையும், 'ஹாஸ்ரலோய் பி' தூய ஐதரோகுளோரிக்கமிலத்தையும், நிமோனிக் ஊர்வையும், 'இன்கொனெல் 600' குளோரைட்டையும் எதிர்நோக்கி ஆக்கப்பட்டவை அல்லது தெரிந்தெடுக்கப்பட்டவை. தத்தமக்குக் குறித்த பகையை அவை வென்றன. தோல்வி ஒவ்வொன்றும், குறிக்கப்படாத மற்றொரு பகையிடமிருந்தே வந்தது: அயலுலோகம், அழுக்கு, ஒட்டின் ஓரம், உருகிய உப்பு, தூய நீர். அத்தோல்விகளை மறைக்காது ஆராய்ந்தவிடத்து அடுத்த உலோகம் பிறந்தது. ஆராய முடிபை ஐயுற்று ஒதுக்கியவிடத்து ஆபத்து வளர்ந்தது.

ஆகவே, ஓர் உலோகத்தின் பண்புகளைக் கற்கும் மாணவர், 'வெப்பம் தாங்கும்', 'அரிப்புத் தாங்கும்' என்ற தொடர்களோடு நின்றுவிடலாகாது. எந்த வெப்பத்தில், எந்தச் சூழலில், எத்தகைய இழுப்பின்கீழ், எவ்வளவு காலம், எதனை அயலாகக் கொண்டு என்ற வினாக்களையும் உடன் எழுப்புதல் வேண்டும். செயப்படுபொருளை விடுத்த வாக்கியத்தை வாசகர் தாமே நிரப்பிக்கொள்ளக்கூடும். உலோகத்தின் விடயத்தில் அவ்வாறு நிரப்புவது கடலும் அமிலமும் நெருப்புமே.